கொடி போட்ட சட்டையைத் தைத்துக் கொடுத்தது யார்?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் உடை சம்பந்தப்பட்ட கேள்வி. டர்பனில் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு காமிக்ஸ் எழுதுகிறீர்கள். மாகாணத்துக்கு ஒருவராக ஒன்பது சூப்பர் ஹீரோக்கள், தலைவன் நெஞ்சில் தென்னாப்பிரிக்கக் கொடி, குவாசுலு-நட்டாலுக்கு வேல் பிடித்த ஒரு தமிழ்ப் பெண். என்றாவது ஒருநாள் இதெல்லாம் மார்வெல் மாதிரி ஒன்றோடொன்று கோத்த படங்களாக வரவேண்டும் என்று ஆசை. "கேப்டன் அமெரிக்கா எடுபட்ட மாதிரி நம்ம ஊர் கேப்டன் எடுபடுவாரா, இல்லை தியேட்டரில் சிரிப்பார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களை உண்மையில் உறுத்துவது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. கொடியைப் போர்த்திக்கொண்டு வருகிற ஆளைச் சொந்த நாட்டுக்காரனே ஒரு மாதிரியாகப் பார்க்கிற காலத்தில், அடுத்த நாட்டுக்காரன் எதற்குக் காசு கொடுத்து அவனைப் பார்க்கவேண்டும்? இதுதானே கேள்வி. பதில் இருக்கிறது, கொஞ்சம் நீளம்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிவகாசியிலிருந்து வரும் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன். இங்கே ஜோகன்னஸ்பர்க்கில் பல வருடங்களாகத் தொலைக்காட்சித் தொடர்களுக்குக் கதை திருத்தும் வேலை, அதாவது மற்றவர்கள் எழுதிக் கொண்டுவரும் காட்சிகளில் எது நிற்கும் எது சரியும் என்று பார்ப்பது. பெரிய ஹாலிவுட் ஸ்டூடியோ எதிலும் வேலை செய்தவன் இல்லை. அவர்கள் அறைக்குள் என்ன பேசி என்ன முடிவெடுத்தார்கள் என்று நான் சொன்னால் அது வெறும் ஊகம். அச்சில் வந்ததையும் திரையில் தெரிவதையும் வைத்துத்தான் பேசப்போகிறேன், ஊகிக்கிற இடத்தில் ஊகம் என்று சொல்லிவிடுவேன்.

இந்த மாதிரி ஒரு நாயகன் என் மேஜைக்கு வந்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்தச் சட்டையை இவனுக்குத் தைத்துக் கொடுத்தது யார், துணிக்குக் காசு கொடுத்தது யார்? என்ன சக்தி, எவ்வளவு உயரம் பறப்பான், எதிரி யார் என்பதெல்லாம் அப்புறம். சிலந்தி கடித்தவனோ வேற்றுக்கிரகத்திலிருந்து விழுந்தவனோ தன் சட்டையைத் தானே தைத்துக்கொள்ளலாம், யாரும் கேட்கப் போவதில்லை. கொடி அப்படியில்லை, அது ஏற்கெனவே யாருக்கோ சொந்தம். அதைப் போட்டுக்கொள்கிறவன் ஒன்று யாரோ கொடுத்துப் போட்டிருக்கிறான், இல்லை யாரையும் கேட்காமல் எடுத்துப் போட்டிருக்கிறான். இரண்டில் எதுவானாலும் அங்கே ஒரு சண்டை ஒளிந்திருக்கிறது. அந்தச் சண்டையைக் கண்டுபிடித்து எழுதியவர்கள் ஜெயித்தார்கள், கண்டுகொள்ளாமல் விட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

கேப்டன் அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம், எல்லோரும் அவரைத்தானே அளவுகோலாக வைக்கிறார்கள். ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் உருவாக்கிய முதல் இதழ் கடைக்கு வந்தது 1940 டிசம்பரில், அட்டையில் 1941 மார்ச் என்று போட்டிருக்கும். அந்த அட்டையில் அவர் ஹிட்லரின் தாடையில் ஒரு குத்து விடுகிறார். அமெரிக்கா போரில் இறங்கியதோ அதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து. 'ஐரோப்பாக்காரன் சண்டை நமக்கெதற்கு' என்று சொன்னவர்கள் அன்றைய அமெரிக்காவில் ஏராளம், ஹிட்லருக்குக் கொடி பிடித்தவர்களும் இருந்தார்கள், சைமனுக்கும் கிர்பிக்கும் மிரட்டல் கடிதங்கள் வந்தன. இரண்டு பேருமே குடியேறி வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். ஆக, அந்த முதல் சட்டையை அரசு தைக்கவில்லை. அரசைப் பார்த்து 'இன்னும் ஏன் சும்மா இருக்கிறாய்' என்று கேட்பதற்காக இரண்டு இளைஞர்கள் தைத்த சட்டை அது.

போர் முடிந்து ஆள் காணாமல் போனார். 1953-54இல் கம்யூனிஸ்டுகளை அடிப்பதற்காக அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அப்போது அரசும் அதையே சொன்னது, பத்திரிகையும் அதையே சொன்னது, இவரும் அதையே சொன்னார். 1954இல் அவர் பெயரில் வந்த பத்திரிகை மூன்று இதழோடு நின்றது. இவருக்கும் அரசுக்கும் சண்டை இல்லாததால்தான் தோற்றது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், அந்தச் சமயத்தில் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் மொத்தமுமே படுத்துக் கிடந்தது. ஆனால் மார்வெலே பின்னால் அந்தக் காலத்தைப் பார்த்து வெட்கப்பட்டது என்பதற்கு அச்சிலேயே சாட்சி இருக்கிறது. 1964இல் அவரைப் பனிக்கட்டிக்குள்ளிருந்து எடுத்தபோது, போர் முடிவிலிருந்தே உறைந்து கிடந்தார் என்று எழுதி ஐம்பதுகளை அப்படியே தாண்டிப் போனார்கள். 1972இல் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட், 'அது அவரே இல்லை, மூளை பிசகிய ஒரு ரசிகன் வேஷம் போட்டது' என்று கதை கட்டி ஒட்டுப்போட்டார். அதே எங்கிள்ஹார்ட்தான் 1974இல், அதிபர் நிக்சனைக் கவிழ்த்த வாட்டர்கேட் ஊழலின் சூட்டில், சதிக்கூட்டத்தின் தலைவனை வெள்ளை மாளிகைக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தார். அதைக் கண்ணால் பார்த்த கேப்டன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு 'நோமாட்' என்று வேறு பெயரில் அலையத் தொடங்குகிறார்.

இதையெல்லாம் படித்த யாரோதான் 2011 படத்தை எழுதியிருக்கவேண்டும். ஏனென்றால் அதில் அந்தச் சட்டை முதலில் வருவது போர்க்களத்தில் இல்லை, மேடையில். ஒரு செனட்டர் அவரைப் போர்க்கடன் பத்திரம் விற்க அனுப்புகிறார். பின்னால் பெண்கள் வரிசையாக ஆட, இவர் கேடயத்தின் உள்பக்கம் ஒட்டிவைத்த வசனத்தை ஓரக்கண்ணால் பார்த்து ஒப்பிக்கிறார். ஒவ்வொரு ஊரிலும் ஒரு போலி ஹிட்லரைக் குத்துகிறார், அதாவது அந்த முதல் இதழின் அட்டைப்படமே இங்கே தெருக்கூத்தாகிவிட்டது. அப்புறம் இத்தாலியில் நிஜச் சிப்பாய்கள் முன்னால் இதே ஆட்டத்தைப் போடும்போது தக்காளி பறக்கிறது. ரசிகன் என்னென்ன சொல்லிக் கேலி செய்வானோ அத்தனையையும் படமே முந்திக்கொண்டு செய்து முடித்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான், அனுமதி கேட்காமல், மேடைத் தொப்பியும் மேடைக் கேடயமுமாக எதிரியின் கோட்டைக்குள் நுழைந்து சிறைப்பட்டவர்களை மீட்டு வருகிறார். நாடகக் கம்பெனியில் ராஜபார்ட் கட்டியவன், ஊரில் தீப்பிடித்ததும் வேஷத்தைக் கலைக்காமலே ஓடிப்போய் அணைத்தால் மறுநாளிலிருந்து ஊர் அவனை என்னவென்று கூப்பிடும்? அதே கணக்கு. அந்த நடைக்குப் பிறகு அந்த உடையைப் பார்த்துப் படத்துக்குள்ளும் யாரும் சிரிப்பதில்லை, தியேட்டரிலும் சிரிப்பதில்லை.

அடுத்தடுத்த படங்களில் சட்டையை மட்டும் கண்வைத்துத் தொடர்ந்து பாருங்கள், நான் சொல்வது புரியும். 2014இல் உளவு நிறுவனம் கொடுத்த நவீன உடையோடு தொடங்குகிறார். அந்த நிறுவனமே அழுகிப்போயிருக்கிறது என்று தெரிந்ததும், அருங்காட்சியகத்தில் பொம்மைக்கு மாட்டிவைத்திருந்த தன் பழைய போர்க்கால உடையைத் திருடிப் போட்டுக்கொண்டு அவர்களோடே மோதுகிறார். 2016இல், 'என் அப்பா செய்த கேடயம், உனக்கு அருகதையில்லை' என்று அயர்ன் மேனான டோனி ஸ்டார்க் கத்தும்போது அதைக் கீழே போட்டுவிட்டு நடக்கிறார். 2018இல் அவர் நெஞ்சில் அந்த நட்சத்திரம் இல்லை, பிய்த்து எடுத்த தடம்தான் இருக்கிறது. 2021 தொடரில் கேடயம் அவருடைய கறுப்பினத் தோழர் சாம் வில்சனிடம் வருகிறது, சாம் போட்டுக்கொள்ளும் கொடிச்சட்டை தயாரானது எங்கே தெரியுமா, மார்வெலின் கற்பனை ஆப்பிரிக்க நாடான வகாண்டாவில். அமெரிக்கக் கொடியை ஓர் ஆப்பிரிக்க நாடு தைத்துக் கொடுக்கிறது! அந்தத் தொடர் முழுக்க ஏற்றஇறக்கம்தான், ஆனால் அந்த ஒரு முடிவுக்காக அதை எழுதியவர்களுக்கு நான் எழுந்து நின்று கைதட்டுவேன். அதே தொடரில் அரசு தானே தேர்ந்தெடுத்து, தானே தைத்துக் கொடுத்த ஜான் வாக்கர், நடுத்தெருவில் எல்லோரும் கைபேசியில் படம் பிடிக்க அந்தக் கேடயத்தாலேயே ஒருவனை அடித்துக் கொல்கிறான். சட்டையே தரப்படாத ஐசையா பிராட்லி என்ற கறுப்பினக் கிழவரும் வருகிறார். கேப்டனுக்குப் பலம் கொடுத்த அதே மாதிரி மருந்தை ஏற்றி, பரிசோதனை எலியாக்கி, முப்பது வருடம் சிறையில் பூட்டிவைக்கப்பட்டவர். அவர் மூலக்கதை 2003இல் காமிக்ஸாக வந்தது. கொடி யாருக்குச் சொந்தம் என்ற சண்டையை இதைவிடப் பச்சையாகப் போட முடியாது.

ரெட் கார்டியன் கதையும் இதே சூத்திரம்தான், நகைச்சுவைப் பக்கத்திலிருந்து. 1967 காமிக்ஸில் சோவியத் அரசு கேப்டன் அமெரிக்காவுக்குப் போட்டியாக உருவாக்கிய ஆள். 2021இல் 'பிளாக் விடோ' படத்துக்கு வரும்போது அந்த அரசே இல்லை. தைத்துக் கொடுத்தவன் செத்துவிட்டான், சட்டை மட்டும் மிச்சம், அதுவும் தொப்பை போட்ட உடம்பில் ஏறமாட்டேன் என்கிறது. சிறையில் உட்கார்ந்து கேப்டன் அமெரிக்காவோடு மோதிய கதையை அளந்துகொண்டிருக்கிறார். சிரிக்கிறோம், ஆனால் கேவலமாகச் சிரிக்கவில்லை, அவருக்காக வருத்தமாகவும் இருக்கிறது. உங்கள் 'சிரிப்பார்களா' என்ற பயத்துக்கு இது பாதிப் பதில். சிரித்தால் குற்றமில்லை, எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதை நீங்கள் முடிவு செய்திருக்கவேண்டும்.

சண்டைக்குப் பயந்து கொடியை நீர்த்துப்போக வைக்கிற வழியும் ஒன்று உண்டு. சில நேரம் அது சரியாக அமைந்துவிடும். வொண்டர் வுமன் 1941இல் நட்சத்திரம் பதித்த உடையோடு வந்தவள். 2017 படத்தில் அந்த நட்சத்திரங்கள் போய்விட்டன, இரண்டாம் உலகப்போர் முதல் உலகப்போராகிவிட்டது, யாரும் குறை சொல்லவில்லை. ஏனென்றால் அவளுடைய சொந்த நாடு எப்போதுமே வேறு. வுல்வரின் 1974இல் ஹல்க்கை அடக்கக் கனடா அரசு அனுப்பிய ஏஜென்ட்டாகத்தான் முதலில் வந்தார், திரையில் அந்தப் பக்கத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. ஆனால் 2025இல் வந்த கேப்டன் அமெரிக்கா படத்தில் ரூத் பாட்-செராஃப் என்ற பாத்திரத்துக்கு நடந்ததைப் பாருங்கள். காமிக்ஸில் 1980லிருந்து 'சப்ரா' என்ற வீரப்பெயர், இஸ்ரேல் கொடி நிறத்து உடை, அந்நாட்டு உளவுத்துறையான மொசாட்டில் வேலை. படத்துக்கு அறிவித்ததுமே கடும் எதிர்ப்பு கிளம்பியது. படம் வந்தபோது உடை இல்லை, அந்த வீரப்பெயர் இல்லை, மொசாட்டும் இல்லை, அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு அதிகாரியாகிவிட்டாள். எதிர்ப்பால் மாற்றினார்களா, முன்பே அப்படித்தான் எழுதியிருந்தார்களா என்பது உள்ளே இருந்தவர்களுக்கே வெளிச்சம். கதை திருத்துகிறவன் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: அந்தப் பாத்திரத்தைத் தூக்கிவிட்டு வேறு யாரை வைத்தாலும் படம் அப்படியே ஓடும். இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்தப் போய் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றும் கிடைக்காமல் போயிற்று. சண்டையை எழுதத் தைரியமில்லை என்றால் அந்த ஆளைக் கூப்பிடாமலே இருந்திருக்கலாம்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவில் 'தேசிய' சூப்பர் ஹீரோவை முதலில் யோசித்தவர்கள் நீங்கள் என்று நினைக்காதீர்கள். 1976இல் 'மைட்டி மேன்' என்று ஒரு காமிக்ஸ் வந்தது. கறுப்பின நாயகன், கறுப்பினக் குடியிருப்புகளில் விற்பதற்காகவே போட்டது. அவன் ஒரு போலீஸ்காரன், வேற்றுக்கிரகவாசி ஒருவனால் சக்தி கிடைக்கிறது, ரவுடிகளையும் கலகக்காரர்களையும் பிடிக்கிறான். கறுப்பின மக்கள் அனுமதிச் சீட்டில்லாமல் நடமாடக் கூடாது என்ற பாஸ் சட்டம் அவன் கண்ணில் படுவதே இல்லை. எப்படிப் படும்? பின்னணியில் இருந்தது நிறவெறி அரசின் ஆதரவு. சொவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் மீது துப்பாக்கிச்சூடு நடந்த அதே வருடம், அதே தெருக்களில் விற்க அரசுக்குப் பிடித்த ஒரு கறுப்பினப் போலீஸ் வீரன்! தைத்துக் கொடுத்தது யார் என்ற கேள்வியை நான் ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று இப்போது தெரிகிறதா? இங்கே ஐம்பது வயது தாண்டியவர்களிடம் 'அரசாங்க ஹீரோ' என்று சொல்லிப் பாருங்கள், முகம் போகிற போக்கு தெரியும்.

வெளியூர்க்காரர்கள் நம்மைப் பார்த்து எழுதியதிலும் நல்லது உண்டு. 1988இல் எக்ஸ்-மென் காமிக்ஸில் ஜெனோஷா என்று ஆப்பிரிக்கக் கிழக்குக் கடற்கரைக்கு அப்பால் ஒரு தீவு நாடு வருகிறது, மியூட்டன்ட்களை, அதாவது பிறவியிலேயே அபூர்வ சக்தி உள்ளவர்களை, எண் போட்டு அடிமைகளாக வைத்து அதன்மேல் செழிக்கிற நாடு. அன்றைய தென்னாப்பிரிக்காவை மனதில் வைத்து வரைந்தது என்பது படிக்கிற யாருக்கும் விளங்கும். அடுத்த வருடம் மார்வெலின் போட்டி நிறுவனமான டிசியில் 'அனிமல் மேன்' 13வது இதழில் கிராண்ட் மாரிசன் இன்னும் நேரடியாக வந்தார். ஆப்பிரிக்காவில் சுற்றிக்கொண்டிருந்த பி'வானா பீஸ்ட் என்ற வெள்ளைக்கார நாயகன், 'பி'வானா' என்றால் சுவாஹிலியில் எஜமான், பெயரைக் கேட்டாலே காலனிக்காரன் வாடை அடிக்கும், தன் தலைக்கவசத்தை டொமினிக் முண்டாவே என்ற தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் போராளியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்குகிறான். அவர் ஃப்ரீடம் பீஸ்ட் ஆகிறார். பழைய, நாற்றமடிக்கிற ஒரு பாத்திரத்தை எப்படிப் புதுப்பிப்பது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடச் சுருக்கமான பாடம் இல்லை: கழுவிச் சுத்தப்படுத்தாதே, கைமாற்று.

2018 'பிளாக் பேந்தர்' அதைத்தான் பெரிய அளவில் செய்தது. 1969 காமிக்ஸில் எம்'பாக்குவை மனிதக் குரங்கு என்ற பட்டப்பெயரோடு, மேலே குரங்குத்தோல் போர்த்திக் கொண்டுவந்தார்கள். படத்தில் அந்தப் பட்டப்பெயரே கிடையாது, மலைநாட்டு இனத் தலைவர், அந்தப் படத்திலேயே அதிகக் கைதட்டல் வாங்கும் ஆட்களில் ஒருவர். வகாண்டா கற்பனை நாடு, ஆனால் பேசுகிற மொழி நம்ம ஊர் கோசா. 2016 படத்தில் அரசராக நடித்த ஜான் கானிதான் அதைக் கொண்டுவந்தார், போர்ட் எலிசபெத்துக்காரர், இந்த ஊர் நாடக மேடையின் பெரிய ஆள். வில்லன் கிளா காமிக்ஸில் ஒரு டச்சுக்காரன், படத்தில் தென்னாப்பிரிக்க உச்சரிப்போடு பேசும் ஆயுதக் கடத்தல்காரன். ஆக, மார்வெல் உலகத்தில் நம் நாட்டுக்கு இதுவரை கிடைத்தது ஒரு மொழி, ஒரு வில்லன், அப்புறம் 2015இல் ஹல்க் வந்து இடித்துப்போட்ட ஜோகன்னஸ்பர்க் தெருக்கள். கொடி போட்ட நாயகன் ஒருவரும் இல்லை. நீங்கள் எழுத இடம் காலியாக இருக்கிறது என்று இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

உள்ளூரில் எழுதியவரையும் பாருங்கள். 2014இல் லொயிசோ முக்கீஸே தொடங்கிய 'குவேஸி' காமிக்ஸ். பையனுக்குச் சக்தி கிடைத்ததும் செய்கிற முதல் வேலை ஊரெல்லாம் பார்க்கப் படம் காட்டுவது, செல்ஃபி எடுப்பது. ஊர் 'கோல்ட் சிட்டி', ஜோகன்னஸ்பர்க் மாதிரியே இருக்கும் கற்பனை நகரம். நெஞ்சில் கொடி கிடையாது. அவர் ஏன் கொடியைத் தவிர்த்தார் என்பதற்கு என்னிடம் இருப்பது ஊகம்தான். நம் கொடி 1994 ஏப்ரல் 27இல் ஏறியது, அதன் நிறங்களுக்கு அரசு அதிகாரபூர்வமாக எந்த அர்த்தமும் வைக்கவில்லை. அவரவர் தனக்கு வேண்டியதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். நாட்டுக்கு அது நல்ல ஏற்பாடு, கதாசிரியனுக்குத் தலைவலி. அதனால் உங்கள் மூன்றாம் பக்கத்தில் தலைவன் ஒவ்வொரு நிறத்துக்கும் விளக்கம் சொல்லும் அந்தப் பேச்சைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

கொடிச்சட்டை காட்சி எப்படி இருக்கவேண்டும் என்று பார்க்க உங்களுக்கு மார்வெல் வேண்டாம். 1995 ஜூன் 24, எல்லிஸ் பார்க் மைதானம், ரக்பி உலகக்கோப்பை இறுதி ஆட்டம். மண்டேலா ஸ்பிரிங்பாக் அணியின் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்குகிறார், முதுகில் கேப்டன் பியனாரின் 6ஆம் எண். அந்தப் பச்சைச் சட்டை பல பத்தாண்டுகள் வெள்ளையர் ஆட்சியின் அடையாளம். எதிரணி எதுவோ அதற்குக் கைதட்டுவதுதான் கறுப்பின மக்களின் வழக்கமாக இருந்தது, டர்பனில் நம் பெரியவர்களும் அதையே சொல்வார்கள். எதிரி தைத்த சட்டையை, யாரும் வற்புறுத்தாமல், அவரே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். வசனம் ஒன்றும் இல்லை, சட்டை, தொப்பி, நடை, அவ்வளவுதான். அதில் இருந்த நம்பிக்கையெல்லாம் பின்னால் என்ன ஆயிற்று என்று இங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கருத்து இருக்கும். அந்தக் கருத்து வேறுபாடும் உங்கள் கதைக்குச் சரக்குதான்.

கடைசியாக, வேல் பிடித்த தமிழ்ப் பெண். இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 1982இல் மார்வெல் மூன்று இதழ்த் தொடர் ஒன்று போட்டது, உலக நாடுகளிலிருந்தெல்லாம் நாயகர்களைக் கூட்டிவந்து இரண்டு அணியாக மோதவிடும் கதை. அதற்காகவே அவசரமாகச் சிலரை உருவாக்கினார்கள்: அயர்லாந்துக்காரிக்கு அதிர்ஷ்ட சக்தி, ஆஸ்திரேலியப் பழங்குடிக்குக் கனவுலக சக்தி. சுற்றுலாக் கையேட்டைப் புரட்டிச் சக்தி கொடுத்த மாதிரி. அவர்களில் ஒருவர்கூட இன்றுவரை பெரிய பெயராகவில்லை. ஒன்பது மாகாணத்துக்கு ஒன்பது பேர், தமிழச்சிக்கு வேல், சுலு வீரனுக்கு ஈட்டி என்றால் நீங்களும் அதே வேலையைத்தான் செய்கிறீர்கள், அதுவும் நம் ஊர்க்காரர்களையே வைத்து. இதற்கு மாறாக 2022 'மூன் நைட்' தொடரில் லைலாவைப் பாருங்கள். கெய்ரோ தெருவில் ஒரு சிறுமி 'நீங்க எகிப்து சூப்பர் ஹீரோவா' என்று கேட்கிறாள், 'ஆமாம்' என்கிறாள் லைலா. அந்த ஒரு 'ஆமாம்' சிலிர்க்க வைப்பதற்குக் காரணம், அதுவரை அந்தத் தொடர் அவளை அப்பாவின் மகளாக, ஒருவனின் மனைவியாக, பழம்பொருள்களை மீட்கப் போராடுகிறவளாகக் காட்டியிருக்கிறது. எகிப்து அவள் சிறகில் மட்டும் ஒட்டியிருக்கவில்லை. இயக்குநர்களில் முக்கியமானவர் முகமது தியாப், எகிப்தியர். அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

உங்கள் நாயகிக்கு அந்த வேல் ஆயுதத்தைவிடப் பெரிய சொத்து கையிலேயே இருக்கிறது. 1860லிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தார்கள், ஆளுக்கு ஒரு எண் போட்டுப் பதிவேட்டில் எழுதினார்கள். ஜெனோஷாவில் கற்பனையாக வருகிற எண் நம் பாட்டன் பூட்டனுக்கு நிஜமாகவே இருந்தது. தில்லையாடி வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண். டிரான்ஸ்வாலுக்கும் நட்டாலுக்கும் இடையில் அனுமதிச் சீட்டில்லாமல் எல்லை தாண்டிய சத்தியாக்கிரகத்தில் சிறை போய், காய்ச்சலோடு விடுதலையாகி, 1914 பிப்ரவரி 22இல் பதினாறு வயதில் இறந்தார். இது உறுதியான வரலாறு. 'உங்களுக்கு ஏது கொடி' என்று அதிகாரி கேட்டதற்குத் தன் சேலையைக் கிழித்துக் கம்பில் கட்டி 'இதுதான் எங்கள் கொடி' என்றார் என்று தமிழ்நாட்டில் மேடைக்கு மேடை சொல்வார்கள். அது நடந்தது என்று நம்ப எனக்குத் தயக்கம். பின்னால் வந்த இந்தியக் கொடியின் நிறங்களை முன்னால் இருந்த சேலையில் ஏற்றிச் சொன்ன கதையாகத்தான் படுகிறது. ஆனால் உங்கள் நாயகி பள்ளிக்கூட விழாவில் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவளாக இருக்கலாம், பாதி நம்பலாம், பாதி சந்தேகப்படலாம்.

அப்புறம் டர்பனில் துணி ஆலைகளிலும் தையல் கம்பெனிகளிலும் வேலை செய்த நம் பெண்கள் எத்தனை பேர்! டர்பனில் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் எந்தத் தெருவில் கேட்டாலும் ஒரு அத்தையோ பாட்டியோ மெஷினில் உட்கார்ந்தவர்களாக இருப்பார்கள். தொண்ணூறுகளில் மலிவு இறக்குமதி வந்து அந்தக் கம்பெனிகளில் பல மூடின. நானாக இருந்தால் உங்கள் தலைவனின் கொடிச்சட்டையைத் தைத்துக் கொடுத்ததே இந்தப் பெண்ணின் அம்மா என்று வைப்பேன். ஏதோ ஓர் அரசுத் துறை சுற்றுலா விளம்பரத்துக்காக ஆர்டர் கொடுத்திருக்கிறது, அவன் அதற்காக எடுத்த சம்பள ஆள், அம்மாவின் பில் இன்னும் பாஸாகவில்லை. முதல் காட்சியில் மகள் அந்த பில்லை எடுத்துக்கொண்டு அவனைத் தேடி வருகிறாள். சட்டையின் உள்மடிப்பில் அம்மாவின் தையல் எங்கே கோணும் என்று அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

ஒன்றோடொன்று கோப்பதைப் பற்றி ஒரே வார்த்தை. மார்வெல் 2008இலிருந்து ஐந்து படம் தனித்தனியாக எடுத்துவிட்டுத்தான் 2012இல் எல்லோரையும் ஒரே படத்தில் கூட்டியது. நம் பக்கம் லோகேஷ் கனகராஜும் 2019இல் 'கைதி'யைத் தனிப் படமாக ஓடவிட்டு, 2022 'விக்ரம்' படத்தில்தான் முடிச்சுப் போட்டார். ஒன்பது பேரில் ஏழு பேரை இப்போதைக்கு அலமாரியில் வையுங்கள், எங்காவது ஒரு சுவரொட்டியில் ஒருவர் முகம் தெரிந்தால் போதும். குவேஸியை விருந்தாளியாகக் கொண்டுவரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது இன்னொருவருடைய படைப்பு, எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு கட்டம்கூட வரையாதீர்கள். இந்த இரண்டு பேரை மட்டும் வைத்துப் பத்துப் பக்கம் எழுதி அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். வேல் வேண்டுமென்றே இருந்தால் நாலாவது இதழில் வரட்டும்.